பிரிண்டருக்குச் செஸ் கற்றுக்கொடுத்த லேபிள் அண்ணன்

செஸ் விளையாட்டில் தோற்பதற்காக லேபிள் அண்ணனைப் போல் பாடுபட்ட இன்னொரு மனிதரை இந்தப் பூமி பார்த்திருக்காது. நீங்களும் நானும் தோற்க வேண்டுமென்றால் பலகையை விரித்து உட்கார்ந்தால் போதும், பக்கத்து ஃபிளாட் பொடியன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வான். அண்ணன் அப்படியல்ல. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஏதாவது ஒரு மிஷினுக்குச் செஸ் கற்றுக்கொடுத்து, பிறகு அந்த மிஷினைத் தோற்கவைப்பார்.

மிஷினுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க ஒரு மொழி வேண்டும். அப்படிப்பட்ட மொழிகள் ஏகப்பட்டவை உண்டு. கணக்கெழுத ஒன்று, படம் போட ஒன்று, ராக்கெட் விட ஒன்று. செஸ்ஸுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற மொழிகளும் நிறைய இருக்கின்றன. அண்ணன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். எது கொஞ்சமும் ஒத்துவராதோ அதைத்தான் பொறுக்கி எடுப்பார். தோசைக்கல்லில் சாம்பார் வைக்கிற ரகம்.

நான் சைகோனில் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. விமான டிக்கெட்டில் ஹோ சி மின் நகரம் என்று இருக்கும். இறங்கிவிட்டால் டாக்ஸிக்காரர் முதல் காப்பிக் கடைக்காரம்மா வரை சைகோன் என்றுதான் சொல்வார்கள். ஒரு சந்துக்குள், தீப்பெட்டியை நிறுத்திவைத்ததுபோல் ஒல்லியான வீடு. கீழே சமையல், நடுவில் நான், மேலே அண்ணன். காலையில் கம்பெனி வேன் வந்து, மோட்டார் பைக் வெள்ளத்தில் எங்களை நீந்தவைத்து, பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் இருக்கும் ஃபாக்டரியில் தள்ளிவிடும்.

அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களை அச்சடிக்கிற மிஷின்கள் அண்ணன் பொறுப்பு. அதனால்தான் லேபிள் அண்ணன். நாற்பதை ஒட்டிய வயது, கல்யாணமாகவில்லை, நல்ல உயரம், காற்றடித்தால் சாய்கிற உடம்பு. அவர் மேல் எப்போதும் ஏதாவது ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். முழங்கையில் 'நீலம், மீடியம்' இருக்கும். முதுகில், தையல் பிசகிய துணிக்கு ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர், 'இரண்டாம் தரம்' என்று இருக்கும். நாங்கள் எடுத்துவிட்டு எடுத்துவிட்டுக் களைத்துப்போய், கடைசியில் அது அவருடைய மச்சம் என்று விட்டுவிட்டோம்.

முதல் செஸ்ஸை அவர் எழுதியது ஊரில், காரைக்குடிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தபோது. அங்கே இருந்தது கோபால் என்று நம்ம ஊர்ப் பெயரோடு ஒரு கிழட்டு மொழி. சம்பளப் பட்டியல் போடுவதற்கு என்றே பிறந்தது. அதற்குக் குதிரை தெரியாது, சிப்பாய் தெரியாது, ஊழியர் என்றால்தான் புரியும். ஆகவே அண்ணன் காய்கள் அத்தனையையும் ஆலையில் வேலைக்குச் சேர்த்தார். குதிரை நகர்ந்தால் இடமாற்றம். வெட்டுப்பட்டால் பணி ஓய்வு. சிப்பாய் கடைசிக் கட்டம் போய் ராணியானால் பதவி உயர்வு. அழகாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தீபாவளிக்குச் சம்பளப் பட்டியலோடு இந்தக் காய்களின் பட்டியலும் சேர்ந்து மேலிடத்துக்குப் போய், கறுப்பு ராணிக்குப் போனஸ் அனுமதியாகிவிட்டது. அண்ணன் வெளிநாட்டில் வேலை தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

சைகோனுக்கு வந்ததும் எக்செல்லில் கைவைத்தார். உற்பத்தித் திட்டம் போட்டிருந்த அதே ஃபைலில், வலது ஓரம் யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், வெறும் ஃபார்முலாக்களாலேயே ஒரு செஸ். எங்கள் மேனேஜர் சுந்தரம் சார் திருப்பூர்க்காரர். பணக்காரப் பேட்டையான தாவோ தியெனில் நீச்சல்குளம் வைத்த வீட்டில் இருந்துகொண்டு, இந்த ஊரில் மனுஷன் இருப்பானா என்று அலுத்துக்கொள்கிறவர். அவர் ஒரு நாள் அந்த ஃபைலை அகரவரிசையில் அடுக்கித் தொலைத்தார். காய்கள் கும்பலாகக் கிளம்பி ஆர்டர் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டன.

"ஏப்பா, ஆம்பளை சட்டைக்குக் கீழ யானைன்னு ஒரு ஸ்டைல் இருக்குதே, அது ஆரு ஆர்டரு?"

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. "அது இப்போதைக்கு நகராது சார்."

"ஏன், அடுத்த மாசம் போயிருமா?"

"எதிராளி எப்ப வழி விடுறானோ அப்பத்தான் சார்."

சுந்தரம் சார் தலையாட்டிவிட்டு, யானைக்கு நேரே 'பையர் அப்ரூவல் பெண்டிங்', வாங்குகிற கம்பெனி இன்னும் சம்மதிக்கவில்லை, என்று அடித்துவைத்தார். அந்த யானை அதே நிலையில் இரண்டு சீசன் நின்றது.

அடுத்த பலி ஆபீஸ் லேசர் பிரிண்டர். கோடு எங்கே, எழுத்து எங்கே என்று பிரிண்டருக்குச் சொல்வதற்காக ஒரு மொழி இருக்கிறது. அண்ணன் அதில் செஸ் எழுதி பிரிண்டருக்குள்ளேயே அனுப்பிவிட்டார். நாம் நம் நகர்வை அனுப்பினால் பிரிண்டரே தனியாக உட்கார்ந்து யோசித்து, பலகையைப் படமாக வரைந்து தன் பதிலைத் துப்பும். யோசிக்கிற நேரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. கீழே இறங்கிப் போய் ஒரு ஐஸ் காப்பி வாங்கி, ஐஸ் கரையும்வரை வம்பளந்துவிட்டுத் திரும்பி வரலாம்.

ஒரு நாள் துறைமுகம் போக வேண்டிய கன்டெய்னர் லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. நான் பிரிண்டர் முன்னால் நின்று கைகளைப் பிசைகிறேன்.

"அண்ணே, இன்வாய்ஸ் வரவே மாட்டேங்குது. ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்லப்பா. யோசிக்குது."

"என்னத்த?"

"மந்திரி வசமா மாட்டிக்கிட்டாரு. காப்பாத்த வழி இருக்கான்னு பாக்குது. செத்த பொறு, பாவம்."

கடைசியில் மந்திரியைப் பறிகொடுத்த பிறகுதான் அது எனக்கு இன்வாய்ஸைக் கொடுத்தது. டிரைவர் என்னைப் பார்த்துச் சொன்ன வியட்நாமிய வார்த்தைகளுக்கு நான் இன்றுவரை அர்த்தம் விசாரிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வேனில் வரும்போது அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "ஏண்ணே, நல்ல மொழி ஒண்ணுல எழுதினா உங்க செஸ்ஸு ஜெயிக்குமில்ல?"

"ஜெயிக்கும்ப்பா. எழுதி முடிச்சாச்சுன்னா அது பாட்டுக்கு ஜெயிச்சுக்கிட்டுக் கெடக்கும். நமக்கு அங்கிட்டு என்ன சோலி? ஒத்துவராத மொழின்னா அப்பிடி இல்ல. நடுவுல நிக்கும், தடுமாறும். பக்கத்துல ஒருத்தன் நின்னுக்கிட்டே இருக்கணும். எனக்கு அப்பிடி நிக்கத்தான்ப்பா பிடிக்குது."

அடுத்த சிக்னல் வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். கிறுக்கு முற்றிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கிறுக்குக்குள் ஒரு காதல் வந்து உட்காரும் என்று யார் எதிர்பார்த்தது?

பேக்கிங் ஹாலுக்குச் சூப்பர்வைசர் லான் அக்கா. குச்சி என்கிற நாட்டுப்புறத்திலிருந்து தினம் மோட்டார் பைக்கில் வருவார். வீட்டில் இரண்டு மாடு, ஒரு கத்தரித் தோட்டம், காது கேட்காத அப்பா. குரல் கணீரென்று ஹாலின் அந்தக் கோடிவரை போகும். மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் கோ துவோங் பலகையை விரிப்பார். அது நம் செஸ்ஸுக்குப் பெரியப்பா மகன் மாதிரி. யானை, குதிரை, சிப்பாய் எல்லாம் உண்டு, கூடுதலாகப் பீரங்கி. பலகை நடுவே ஓர் ஆறு ஓடும். ராஜா தன் அரண்மனைக் கட்டத்தைவிட்டு வெளியே வரவே கூடாது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்கள் வரிசையாக வந்து அக்காவிடம் தோற்றுவிட்டுப் போவார்கள்.

அந்த விளையாட்டில் விசித்திரமாக ஒரு விதி. இரண்டு ராஜாக்களும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக் கூடாது. ஒரே கோட்டில் நின்றால் நடுவில் ஏதாவது ஒரு காய் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை யாராவது விலக்கித் தொலைத்தால் எதிர்ராஜா அப்படியே பறந்துவந்து பிடித்துவிடலாம். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிள் மிஷினைத் துடைக்கிற சாக்கில் அண்ணன் ஹாலிலேயே குடியிருக்க ஆரம்பித்தார். பேசத்தான் வழியில்லை. அக்காவுக்குத் தெரிந்தது வியட்நாமிய மொழி ஒன்றுதான். அண்ணனுக்கு அதில் 'நன்றி'யும் 'ஐஸ் வேண்டாம்'மும் மட்டும் தெரியும். கைபேசி மொழிபெயர்த்துச் சொல்கிற வசதியெல்லாம் அப்போது வரவில்லை. ஒரு நாள் அக்காவே ஒரு டம்ளர் ஐஸ் காப்பியை அவரிடம் நீட்டினார். அண்ணன், "ஐஸ் வேண்டாம், நன்றி" என்று தன் மொத்தச் சொத்தையும் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு ஓடிவந்துவிட்டார்.

பிறகுதான் லேபிள் மிஷினில் கோ துவோங் எழுத உட்கார்ந்தார். அந்த மிஷினுக்கும் ஒரு சின்ன மொழி உண்டு. சைஸ், நிறம், பெட்டி எண், இவ்வளவுதான் அதன் உலகம். ஞாபகசக்தி என்னைவிடக் குறைவு. பீரங்கியை உள்ளே திணித்தால் யானை வெளியே விழுந்தது. ஆற்றைச் சேர்த்தால் சிப்பாய்கள் காணாமல்போயினர். எப்படியோ முட்டிமோதி எல்லாவற்றையும் அடைத்த பிறகு, ஒரே ஒரு விதிக்கு மட்டும் இடமில்லை. ராஜாக்கள் பார்த்துக்கொள்ளக் கூடாது என்கிற அந்த விதிதான்.

"போகட்டும்ப்பா. அந்த ஒண்ண என் தலையில வச்சுக்கிறேன். நான்தான் பக்கத்துலயே நிக்கப்போறேன்ல?"

ஒரு மத்தியானம், யாரும் தொடாமலேயே லேபிள் மிஷின் கர்ரென்று ஒரு லேபிளைத் துப்பியது. அக்கா எடுத்துப் பார்த்தார். பீரங்கியை நடுக்கோட்டுக்கு நகர்த்துகிறேன் என்று இருந்தது. கோ துவோங் ஆடுகிறவர்கள் பாதிப் பேர் எடுத்தவுடன் வைக்கிற நகர்வு. "ச்சோய் ஓய்!" என்றார் அக்கா. நம் 'அடக் கடவுளே'தான். சுற்றுமுற்றும் பார்த்தார். மிஷினுக்குப் பின்னால் ஓர் ஒல்லி உருவம் அட்டைப்பெட்டியாக மாற முயன்றுகொண்டிருந்தது. அக்கா சிரித்துவிட்டு, மிஷினில் இருந்த எண் பலகையில் தன் பதில் நகர்வைத் தட்டினார்.

அன்றிலிருந்து தினமும் ஆட்டம். மிஷின் யோசித்து லேபிள் விடும். அண்ணன் அதன் வாயருகே நின்று முதலில் எடுத்துப் பார்ப்பார். சில சமயம் முகம் மாறி, லேபிளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி பட்டனை அழுத்துவார். ராஜாக்களின் நடுவே நின்ற காயை மிஷின் விலக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். அடுத்த லேபிள்தான் அக்கா கைக்குப் போகும். மிஷின் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அண்ணனின் இளைத்த உடம்பில் சதை பிடித்தது அந்த நாட்களில்தான்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு லேபிள் வழிதவறியது. விளையாட்டு லேபிள் ஒன்று நிஜப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு கப்பலேறி, பையரின் கிடங்குவரை போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து புகார் வந்தது. சுந்தரம் சார் அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, பெட்டி மேல எம் எட்டு புள்ளி ஏழுன்னு போட்டிருக்குது. எம்முன்னா மீடியம். சரி. எட்டு புள்ளி ஏழுன்னா என்ன கெரகம் அது?"

"எம்முன்னா இந்த ஊருல குதிரை சார். எட்டாவது கோட்டுல இருந்து ஏழுக்கு வருது."

பொய் வராத மனிதரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். பையர் பக்கம் உஷாராகிவிட்டார்கள். எல்லா லேபிள் மிஷின்களையும் மாற்றச் சொன்னார்கள். புதிதாக வருகிறவை சீல் வைத்தவை, உள்ளே யாரும் எதையும் எழுத முடியாது, கவனிக்கத் தனியாக ஓர் ஆளும் வேண்டாம். ஆகவே மிஷின் வருகிற அன்றோடு அண்ணனுக்கு வேலை முடிந்தது. மறுநாள் காரைக்குடிக்கு டிக்கெட்.

அண்ணனின் கவலை வேறு. "லான்கிட்ட எப்பிடிப்பா சொல்றது?" என்று மட்டும் கேட்டார். மிஷின் போய்விட்டால் அவருக்கு வாயே போன மாதிரி.

"நான் சொல்லட்டுமாண்ணே? அரைகுறையா எனக்குத்தான் பேச வருமே."

"வேணாம்ப்பா. நீ சொன்னா அது நீ சொன்னதால்ல ஆயிரும்?"

அந்த வெள்ளிக்கிழமை நகரத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே வியட்நாமியர்கள்தான் அதிகம் வருவார்கள். சுவரில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு வேண்டுதலை ரகசியமாகச் சொல்வார்கள். அண்ணனும் அவர்கள் நடுவே போய் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார். முதுகில் 'இரண்டாம் தரம்'. எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. நானும் பக்கத்தில் போய் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள். மத்தியானம் ஒரே ஓர் ஆட்டம், அதில் ஏதாவது செய்து சொல்லிவிடலாம் என்று அண்ணன் ஒரு திட்டம் வைத்திருந்தார். என்ன திட்டம் என்று அவருக்கே தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். புது மிஷின்காரர்கள் சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே வந்து பழையதைக் கழற்றி ஓரமாகக் கடாசிவிட்டார்கள்.

நாங்கள் ஹாலுக்குப் போனபோது பலகை விரித்திருந்தது. காய்கள் தயார். எதிரே சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று காலியாக இருந்தது. லான் அக்கா மிஷின் இருந்த இடத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், முக்காலியைக் கையால் தட்டிக் காட்டினார்.

அண்ணன் உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் தன் கையால் ஒரு காயை நகர்த்தி நான் பார்த்ததே இல்லை.

ஆடினார். ஆத்தாடி, அதை ஆட்டம் என்று சொல்லக் கூடாது. முதலில் பீரங்கி போனது. அடுத்து குதிரை. யானைகளை அக்கா கூச்சப்பட்டுக்கொண்டே எடுத்துக்கொண்டார். டிரைவர்கள் சுற்றிலும் குந்தி, உச்சுக்கொட்டிக்கொண்டே பார்த்தார்கள். கடைசியில் அண்ணனுக்கு மிச்சம் இரண்டே காய். அரண்மனைக்குள் அவருடைய ராஜா. ஆற்றைத் தாண்டிப் போய் நடுக்கோட்டில் நின்ற ஒரு சிப்பாய். அதே கோட்டின் மறுமுனையில் அக்காவின் ராஜா. இரண்டு ராஜாக்களுக்கும் நடுவே அந்தச் சிப்பாய் மட்டும்தான்.

அண்ணன் வெகுநேரம் யோசித்தார், லேசர் பிரிண்டரைப் போல. பிறகு அந்தச் சிப்பாயை எடுத்து ஒரு கட்டம் பக்கவாட்டில் வைத்தார். ஆற்றைத் தாண்டிய சிப்பாய்க்கு அந்த உரிமை உண்டு.

"சாய் ரோய்!" என்று டிரைவர்கள் கத்தினார்கள். தப்பு, தப்பு.

"அண்ணே, தப்பா வச்சிட்டீங்க, எடுங்க" என்று நானும் பதறினேன்.

"தெரியும்ப்பா" என்றார்.

ஆமாம். அந்த ஒரு விதி அவர் தலையில்தானே இருந்தது.

லான் அக்கா பலகையைப் பார்த்தார். நிமிர்ந்தார். எப்போதும் மிஷினையும் தரையையும் பார்த்துக்கொண்டே இருக்கிற அண்ணன், அன்றைக்கு அவரை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா தன் ராஜாவை எடுத்தார். அரண்மனையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, நேராக அண்ணனின் அரண்மனைக்குள் கொண்டுவந்து வைத்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்னப்பா சொல்றாங்க?"

"அந்த மிஷின் ஒரு நாளும் இப்படி ஆடினதில்லையேன்னு கேக்குறாங்கண்ணே."

"ஆடப் பாத்துச்சு. நான்தான் பயந்துக்கிட்டு ஒவ்வொரு தடவையும் தடுத்துட்டேன்னு சொல்லு."

என் அரைகுறை மொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். செஸ்ஸுக்கு ஒத்துவராத மொழிபோல, காதலுக்கு என் வியட்நாமிய மொழி. ஆனால் வேலை நடந்துவிட்டது. அக்கா எழுந்துவந்து, அண்ணனின் முதுகில் இருந்த 'இரண்டாம் தரம்' ஸ்டிக்கரை உரித்து, கசக்கி எறிந்தார்.

காரைக்குடி டிக்கெட் வீணாகப் போனது. இப்போது இருவரும் குச்சியில் ரோட்டோரமாக ஒரு காப்பிக் கடை வைத்திருக்கிறார்கள். அண்ணன் காரைக்குடி ராகத்தில் வியட்நாமிய மொழி பேசுகிறாராம். கடைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்பதற்காகவே இன்னொரு காப்பி சொல்கிறார்களாம். ஓரமாகக் கடாசிய அந்தப் பழைய லேபிள் மிஷினை அக்கா ஃபாக்டரியில் கேட்டு வாங்கிப் போய்விட்டார்.

அது இன்னும் ஓடுகிறது. எனக்கெப்படித் தெரியும் என்றால், அவர்கள் புத்தாண்டான தெத் சமயத்தில், நான் இப்போது இருக்கிற சென்னைக்கு ஒரு பொட்டலம் காப்பித்தூள் வரும். அதன் மேல் ஒரு லேபிள், அதில் ஒரே ஒரு நகர்வு. நான் அதை உரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து யோசித்து, என் பதிலை அனுப்புவேன். வருஷத்துக்கு ஒன்று. என் யானை ஒன்று அவர் பீரங்கிக்கு நேரே எப்போதோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதைக் கண்டும் காணாமல் வேறு எதையாவது நகர்த்திக்கொண்டே இருக்கிறார் மனிதர்.

அவரைத் தோற்கடிக்கிற வழி எனக்கும் போன தடவையே தெரிந்துவிட்டது. ஆட்டம் முடிந்துவிடுமே என்று குதிரையை நகர்த்தி அனுப்பிவிட்டேன்.